மீனுக்கு முன்னால் தொட்டிக்கு உறை ஊற்ற வேண்டும்

“மாமா, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ஏர் பம்ப் ஓடிட்டுதான் இருக்கு. என்ன பண்றது?”

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, பெரம்பூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். தொட்டி வைத்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டேன். “ஞாயித்துக்கிழமை வாங்கினோம். அன்னிக்கே பத்து மீனும் வாங்கிட்டோம்” என்றான். அதற்கு மேல் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. நாலு நாள், புதுத் தொட்டி, பத்து மீன். இது நடந்தே தீரும்.

பல வருடத்துக்கு முன் எனக்கும் இப்படித்தான் நடந்தது. டெட்ரா என்ற சின்ன மீனில் ஏழை ஆசையாக வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் மூன்று மீன் தொட்டிக் கல்லின் மேல் செத்துக் கிடந்தன. வாங்கிய கடைக்கே போய்க் கேட்டபோது, “தண்ணியை மொத்தமா மாத்திடுங்க, இந்த நீல மருந்தையும் நாலு சொட்டு விடுங்க” என்றார்கள். இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். மறுவாரம் மீதி நாலும் போய்விட்டன. அந்த இரண்டு காரியமும் ஏன் நிலைமையைக் கெடுத்தன என்பது புரிய எனக்கு வெகு நாள் ஆனது. இதைப் படிப்பவர்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

வெப்பமண்டல மீன் வளர்ப்பில் தெரிந்துகொள்ள எத்தனையோ இருக்கிறது. ஹீட்டர், விளக்கு, தீனி, செடி, நோய் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் மீன் வாங்கும் முன்பே கட்டாயம் புரிய வேண்டியது ஒன்று உண்டு. மீன் வளர்ப்பவர்கள் அதைத் ‘தொட்டி சைக்கிள் ஆவது’ என்பார்கள். நான் அதை உறை ஊற்றுவது என்று சொல்லித்தான் வீட்டில் எல்லோருக்கும் புரியவைத்தேன்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

மீன் சாப்பிடுகிறது, கழிவை விடுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். தொட்டி அடியில் கறுப்பாக நூல் நூலாகக் கிடப்பதைத்தான் கழிவு என்று நினைப்போம். அதைவிடப் பெரிய கழிவு கண்ணுக்கே தெரியாது. மீன் தன் செவுள் வழியாக நாள் முழுக்க அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிப்பதை, மீன் அப்படியே அம்மோனியாவாகத் தண்ணீரில் விட்டுவிடும். தின்னாமல் விட்ட தீனி, உதிர்ந்த இலை, மூலையில் செத்துக் கிடக்கும் நத்தை எல்லாம் அழுகினாலும் அதே அம்மோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. தொட்டியில் சேரும் அளவுக்கு வாசனையும் தெரியாது. அதனால்தான் ‘தண்ணி கண்ணாடி மாதிரி’ இருக்கும்போதே மீன் சாகிறது.

ஆற்றில் இது பிரச்சினையே ஆகாது. நியான் டெட்ராவின் சொந்த ஊர் அமேசானின் மேல்பகுதிக் கிளையாறுகள். அங்கே ஒரு மீன் விடும் அம்மோனியா போய்ச் சேரத் தண்ணீருக்குக் குறைவில்லை. நம் வீட்டுத் தொட்டி வேறு. 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள சாதாரண இரண்டடித் தொட்டி விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். கல் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் உண்மையில் நிற்பது 45, 50 லிட்டர்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மீன் தீனியில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம் இருக்கும். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. இதில் பாதி அம்மோனியாவாக வெளியே வந்தாலே, 50 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் சேர்ந்துவிடும். மீன் தின்னாமல் தீனி அடியில் கிடந்து அழுகிப்போனால் அது இரட்டிப்பாகும். ஒரு கிராம் என்பது சிட்டிகை, சிட்டிகையாகப் போடும் தீனிதான். புது மீன் வந்த வீட்டில், குழந்தை ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை, ஆபீஸிலிருந்து வந்ததும் அப்பா ஒரு தடவை என்று போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

0.6 என்பது ஆபத்தா இல்லையா என்பது உங்கள் தண்ணீரின் பி.எச்., அதாவது அது அமிலமா காரமா என்று காட்டும் அளவைப் பொறுத்தது. சென்னைக்காரர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. இன்னொன்று கட்டற்ற அம்மோனியா, செவுளைப் புண்ணாக்குவது இதுதான். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 உள்ள தண்ணீரில், மொத்தத்தில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கட்டற்ற அம்மோனியாவாக இருக்கும். பி.எச். 8 ஆகிவிட்டால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் கட்டற்ற அம்மோனியாவைத் தாண்டவிடக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. நாம் போட்ட 0.6 கணக்கு, பி.எச். 7-இல் இந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கும். அதே 0.6, பி.எச். 8 உள்ள போர் தண்ணீரில் எல்லையைத் தாண்டி நிற்கும். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மீன் வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் மட்டும் மீன் சாவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். கைராசி எதுவும் இதில் இல்லை.

உறை என்பது யார்

சரி, அப்படியென்றால் வருடக்கணக்கில் ஓடும் தொட்டிகளில் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது? அந்த அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அடுத்த கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பெயர் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் இருக்கும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் படிக்கும்போது ‘ரைட்’டா ‘ரேட்’டா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நைட்ரைட் கொடியது. அது மீனின் ரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலிழக்க வைக்கும், ரத்தமே பழுப்பாகிவிடும். தண்ணீரில் காற்று எவ்வளவு இருந்தாலும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே, முடிந்தால் 20-க்குக் கீழே வைத்துக்கொண்டால் பெரும்பாலான மீன்களுக்குப் போதும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுகிறோமே, அது முக்கியமாக இந்த நைட்ரேட்டை வெளியேற்றத்தான்.

இதே காரியம் வயலிலும் நடக்கிறது. எருவும் யூரியாவும் மண்ணில் அம்மோனியமாகி, அப்புறம் நைட்ரேட்டாகி, பயிருக்குப் போய்ச் சேர்வது இதே வகை நுண்ணுயிர்களால்தான். 1890 வாக்கில் சூரிக் நகரில் வேலை செய்துகொண்டிருந்த வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்ற இனம் என்று வெகு காலம் பாடமே நடந்தது. 1998-இல் நன்னீர் மீன் தொட்டிகளையே வைத்து நடத்திய ஆய்வில், அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம் என்று தெரிந்தது. 2015-இல் இன்னொரு ஆச்சரியம். இரண்டு வேலையையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது கிடைத்த இடங்களில் ஒன்று மீன் வளர்க்கும் அமைப்பின் ஃபில்டர். நம் வீட்டு மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் அந்த ஸ்பான்ஜுக்குள் இவ்வளவு நடக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

இப்போது உறை விஷயத்துக்கு வருகிறேன். பாலைக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் ஒரு ஸ்பூன் மோர் விட்டு மூடி வைத்தால் காலையில் தயிர். மோர் விடாமல் வைத்தால் கண்டது வளர்ந்து பால் கெட்டுப்போகும். மோரில் இருந்த நல்ல நுண்ணுயிர்கள் பாலை ஆக்கிரமிக்க நேரம் கொடுத்தோம், அதனால் தயிர் வந்தது. தொட்டிக்கும் இதேதான் செய்ய வேண்டும். ஒரே வித்தியாசம், தயிருக்கு ஒரு ராத்திரி போதும், தொட்டிக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சில நுண்ணுயிர்கள் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். நம் தொட்டிக்கு வேண்டியவை மெதுவானவை. நல்ல சூழல் இருந்தாலும் இரண்டாகப் பெருக ஒரு நாள் வரை எடுத்துக்கொள்ளும். மார்கழியில் தயிர் உறையத் தாமதமாவது மாதிரி குளிரில் இவையும் சோம்பும். அந்த வகையில் நம் ஊர் வெயில் நமக்கு உதவிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் அவ்வளவாக மிதந்து திரிவதில்லை. ஸ்பான்ஜ், கல், கண்ணாடி, செடி என்று ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டு, வழவழவென்று ஒரு படலமாக வாழும். அவற்றுக்கு ஓடும் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். ஃபில்டர் என்றதும் குப்பையை வடிகட்டும் சல்லடை என்றே நினைக்கிறோம். அதன் பெரிய வேலை இந்த நுண்ணுயிர்களுக்கு வீடாக இருப்பது. ஏர் பம்ப்பில் மாட்டி ஓட்டும் சாதாரண ஸ்பான்ஜ் ஃபில்டரே இரண்டடித் தொட்டிக்குத் தாராளமாகப் போதும். விலை கூடிய ஃபில்டர் வாங்காததால் யாருடைய மீனும் சாகவில்லை.

மீன் இல்லாமல் ஒரு மாதம்

முறையாகச் செய்தால் இப்படிச் செய்யலாம். தொட்டியை, தண்ணீரின் எடையைத் தாங்கும் மட்டமான ஸ்டாண்டில், வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். கல் கழுவிப் போட்டு, தண்ணீர் நிரப்பி, குளோரினைப் போக்கி, ஃபில்டரை ஓட விடுங்கள். ஃபில்டர் அன்றிலிருந்து இரவும் பகலும் ஓட வேண்டும். தூங்கப் போகும்போது சத்தமாக இருக்கிறது என்று நிறுத்தக் கூடாது.

நுண்ணுயிர் வளர அதற்குச் சாப்பாடு வேண்டும், அதாவது அம்மோனியா. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுவது சுலபமான வழி. அளவு தெரிந்து செய்ய விரும்புகிறவர்கள் சுத்தமான அம்மோனியம் குளோரைடு வாங்கி, தண்ணீரில் அம்மோனியா 2 பிபிஎம் காட்டும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடுவார்கள். பிபிஎம் என்பதும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதும் நமக்கு ஒன்றுதான். வீடு துடைக்க விற்கும் அம்மோனியா பாட்டிலை விடாதீர்கள். அதில் வாசனையும் சோப்பும் கலந்திருக்கும்.

சொட்டு மருந்து மாதிரி வரும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். மீனுக்குச் செலவிடும் பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம். நான் வைத்திருக்கும் கிட்டில் அம்மோனியா இல்லையென்றால் டியூபில் தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக நிற்கும். இருந்தால் பச்சை தட்டும். அதிகமாக ஆக, வாழையிலைப் பச்சையாகவே ஆகிவிடும். நைட்ரைட்டுக்கு வெளிர் நீலம் நல்லது, கத்தரிப்பூ நிறம் கெட்டது. சொட்டு விட்டதும் டியூபைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் பொறுத்து, பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் மஞ்சளே பச்சை மாதிரி ஏமாற்றும்.

முதல் வாரம் அம்மோனியா ஏறும். மூன்றாம் நாள், நாலாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல் மங்கலாகலாம். அது வேறு வகை நுண்ணுயிர்கள் திடீரென்று பெருகுவதால் வருவது, தானே தெளியும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிடுகிறார்கள். இரண்டாம் வாரம் வாக்கில் அம்மோனியா இறங்கத் தொடங்கி, நைட்ரைட் ஏறும். நைட்ரைட் கட்டம் பொறுமையைச் சோதிக்கும். பத்து நாள், பதினைந்து நாள் கத்தரிப்பூ நிறம் மாறாமலே நிற்கும். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் வெளிர் நீலம். நைட்ரேட் டியூப் ஆரஞ்சாக இருக்கும். 2 பிபிஎம் அம்மோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யமாகிவிட்டால் உறை பிடித்துவிட்டது என்று அர்த்தம். பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

இவ்வளவு நாள் காத்திருக்காமல் இருக்க ஒரு நல்ல வழி உண்டு. உறை மோருக்குப் பக்கத்து வீட்டுக்குப் போவோமே, அதேதான். மாதக்கணக்கில் ஆரோக்கியமாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் அவருடைய பழைய ஸ்பான்ஜைக் கேட்டு வாங்குங்கள். அழுக்காகத்தான் இருக்கும், அந்த அழுக்குக்காகத்தான் கேட்கிறோம். காயவிடாமல், அவர் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு எடுத்துவந்து, அன்றைக்கே உங்கள் தொட்டியில் ஓட விடுங்கள். ஒரு மாதக் காத்திருப்பு சில நாளாகச் சுருங்கிவிடும். அவர் தொட்டியில் சமீபத்தில் நோய் ஏதும் வரவில்லை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பான்ஜோடு நோயும் கூடவே வரும். கடைகளில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவும் உண்டு. சிலது வேலை செய்கிறது, வெயிலில் கிடந்து செத்துப்போன சிலது செய்வதில்லை. எதை விட்டாலும் கடைசியில் டெஸ்ட் கிட் சொல்வதை நம்புங்கள்.

உறையைக் கொல்லும் காரியங்கள்

என் ஏழு டெட்ராவுக்கு என்ன ஆனது என்பதை இப்போது சொன்னால் புரியும். தண்ணீரை மொத்தமாக மாற்றும்போது கல்லையும் ஸ்பான்ஜையும் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவினேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் நமக்காக நுண்ணுயிர்களைக் கொல்லப் போடப்படுவது. ஒரு வாரத்தில் ஸ்பான்ஜில் முளைவிட்டிருந்த கொஞ்சநஞ்சம் உறையையும் அது கொன்றுவிட்டது. தப்பியதை அந்த நீல மருந்து முடித்தது. மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதைத் தனியாக ஒரு வாளியில், நோயுற்ற மீனுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் வாழும் நுண்ணுயிரும் சேர்ந்து சாகும். அப்புறம் மீதி நாலு மீனும் அம்மோனியாவும் மட்டும் மிச்சம்.

ஆகவே ஸ்பான்ஜை எப்போது கழுவினாலும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பக்கெட்டில் வைத்து, அதிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்து எடுங்கள். பழுப்பாகக் கொட்டும். தண்ணீர் ஓட்டம் திரும்பக் கிடைத்தால் போதும், வெள்ளை வெளேரென்று ஆக்க வேண்டாம். தொட்டியில் ஊற்றும் புதுத் தண்ணீரில் குளோரினைப் போக்கிவிடுங்கள். ஒரு நாள் வாளியில் வைத்திருந்தாலே பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்கு ஆன்டி குளோரின் உண்டு. கடையில் பொட்டலமாக விற்கும் கல்கண்டு மாதிரியான படிகம் சோடியம் தயோசல்பேட்தான். அதைப் போட்டால் குளோரின் உடனே போய்விடும்.

ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானது, அதனால் மீனுக்கும் நல்லது என்று ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நம் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் உப்புகள் அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீரில் அந்த உப்பு கிட்டத்தட்ட இல்லை. பி.எச். மளமளவென்று இறங்கி, கடைசியில் நுண்ணுயிர்களே வேலையை நிறுத்திவிடும். உங்கள் போர் தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் ஆர்.ஓ.வையும் அதையும் கலந்து ஊற்றலாம். வெறும் ஆர்.ஓ. வேண்டாம்.

கரன்ட் போவதையும் யோசித்து வையுங்கள். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடித்துவைக்கும். சித்திரை, வைகாசியில் நம் தொட்டிகள் 31, 32 என்று நிற்கும்போது மூன்று மணி நேரம் கரன்ட் போனால் மீனுக்கும் மூச்சு முட்டும், ஃபில்டரில் இருக்கும் உறைக்கும் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஹீட்டர் விஷயம் இதற்கு நேர்மாறு. பெரும்பாலான வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி நல்லது. சென்னையில் மார்கழி, தை தவிர ஹீட்டரை நினைக்கவே வேண்டியதில்லை. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு வருடம் முழுக்கத் தேவை.

எந்த மீன்

கொளத்தூர் பக்கம் போனால் கடை கடையாகக் கண்ணாடிக்குள் நீந்தும் நிறங்களைப் பார்த்து மனசு கேட்காது. போவதற்கு முன் உங்கள் தண்ணீர் கடினமா, மென்மையா என்று பார்த்துவிட்டுப் போங்கள். சோப்பு நுரைக்காத போர் தண்ணீர் உள்ள வீடுகளுக்குக் கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் பொருத்தம். அவை கடினத் தண்ணீரிலேயே சந்தோஷமாக இருக்கும், குட்டியும் போடும். நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும். முதல் மீனாக எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் ஜீப்ரா டேனியோ என்று சொல்வேன். நம் இந்தியாவின் ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் இருக்கும் மீன் அது. நாலு சென்டிமீட்டர் நீளம், நீலக் கோடுகள், ஓயாத ஓட்டம். கூட்டமாக வாழ்வது, அதனால் குறைந்தது ஆறு மீன் வாங்க வேண்டும்.

கோல்டு ஃபிஷ்ஷை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அது வெப்பமண்டல மீனே இல்லை, சீனத்துக் கெண்டை வழி வந்தது, குளிர்ந்த தண்ணீரை விரும்புவது. உள்ளங்கை அளவு வளரும், அதற்கேற்ற கழிவையும் விடும். ஐந்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் அதை விடுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. ஃபைட்டர் மீன் மட்டும் பாட்டிலில் பிழைத்துக்கிடக்கிறதே என்று கேட்பார்கள். மேலே வந்து காற்றை நேராக உறிஞ்ச அதற்கு ஒரு தனி உறுப்பு இருக்கிறது, அதனால் ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். அம்மோனியா அதன் செவுளையும் அப்படியேதான் எரிக்கும். அதற்கும் ஒரு நல்ல தொட்டியும் ஃபில்டரும் கொடுங்கள், வால் விரித்து நீந்தும் அழகைப் பாருங்கள்.

உறை பிடித்த தொட்டியிலும் எல்லா மீனையும் ஒரே நாளில் விட வேண்டாம். இருக்கும் கழிவுக்கு ஏற்ற அளவுக்குத்தான் நுண்ணுயிர் இருக்கும். தீனி போட்டுப் பழக்கிய தொட்டியென்றால் முதலில் ஐந்தாறு சின்ன மீன், இரண்டு வாரம் கழித்து இன்னும் ஐந்தாறு.

செடியும் உதவும். 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், இரண்டு தங்கமீன், வாலிஸ்னீரியா என்ற நீண்ட இலை நீர்ச்செடி, அழுகும் இலையைத் தின்ன நத்தை, இம்மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்துச் சமநிலையாக வாழவைத்துக் காட்டினார். வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்ததற்கு நாற்பது வருடம் முன்பு அது. அவர் பாத்திரத்திலும் அவை சத்தமில்லாமல் வேலை செய்திருக்கும். வாலிஸ்னீரியா இன்றும் நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் மணி பிளான்ட் கொடி ஒன்றின் வேரைத் தொட்டிக்குள்ளும் இலையை வெளியேயும் விட்டிருக்கிறேன். நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது.

பெரம்பூர்த் தொட்டி

ஏற்கெனவே மீன் விட்டு மாட்டிக்கொண்டவர்களுக்காக, அன்று இரவு அக்கா மகனிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பாதித் தண்ணீரை உடனே மாற்றச் சொன்னேன், ஆன்டி குளோரின் போட்டு, ஏறக்குறைய அதே சூட்டில். கல்லையும் ஸ்பான்ஜையும் தொடக் கூடாது. இரண்டு நாளைக்குத் தீனி கிடையாது. மீன் பட்டினியால் சாகாது, அம்மோனியாவால்தான் சாகும். மறுநாள் காலை என் தொட்டியில் ஒரு வருடமாக ஓடிய ஸ்பான்ஜை டிபன் டப்பாவில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு போனேன். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா அழுத்தமான பச்சை காட்டியது. அதன் பிறகு ஒரு வாரம் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினான். நைட்ரைட் ஏறியபோது கொஞ்சம் கல் உப்பு கரைத்து விடச் சொன்னேன். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். அயோடின் சேர்க்காத உப்பு, பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கணக்கு. அவன் வைத்திருந்தது உப்பைத் தாங்கும் மோலி என்பதால் உப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பத்தில் நாலு போய்விட்டன. ஆறு பிழைத்தன. மூன்று வாரம் கழித்து அவன் அனுப்பிய போட்டோவில் இரண்டு டியூப் இருந்தன, ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று வெளிர் நீலம்.

போன ஞாயிறு போயிருந்தேன். தொட்டியின் பின்மூலையில், தேவையே இல்லாமல், இரண்டாவதாக ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதுக்குடா இது என்று கேட்டேன்.

“மேல் வீட்டு அக்கா தொட்டி வாங்கப் போறாங்க மாமா. இன்னும் ரெண்டு வாரம் இதுலயே ஓடட்டும், அப்புறம் மீன் வாங்கலாம்னு சொல்லியிருக்கேன்.”